அங்க போய்ப் பேசுவோம்

ஒரு கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் அறிவிப்பு அனுப்ப வேண்டும், யார் தலைமை வகிக்க வேண்டும், எத்தனை பேர் வந்தால் அது செல்லும், தேநீர்ச் செலவை எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்பதற்கெல்லாம் நம் நாட்டில் விதி இருக்கிறது. கூட்டம் எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பதற்கு மட்டும் விதி இல்லை. கட்டட அனுமதிக் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்ற நான் இந்த ஓட்டையைக் கவனித்ததே இல்லை. அந்த அம்மாள் கவனித்திருந்தார். அதன் வழியாக ஒரு கிடங்கையே உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

அவர் பொறியாளர். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஊருக்கு ஊர் மளிகைக் கடை திறந்துகொண்டிருந்த ஒரு நிறுவனம், எல்லாக் கடைகளுக்கும் சரக்கு பிரித்து அனுப்ப மரக்காணத்தில் ஒரு பெரிய கிடங்கு கட்ட முடிவு செய்தது. உப்பளங்களை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேல், ஒன்றும் விளையாத நிலம் மலிவாகக் கிடைத்தது. வெறும் கிடங்கு என்றால் இப்போதெல்லாம் மரியாதை இல்லை என்பதால் ‘பசுமைக் கிடங்கு’ என்று பெயர் வைத்தார்கள். கூரையில் சோலார் தகடு, தரைக்குக் கீழே மழைநீர்த் தொட்டி, பகலில் விளக்கு போடத் தேவையில்லாத வெளிச்சம். இதையெல்லாம் வடிவமைத்துக் கட்ட அவரை அமர்த்தினார்கள். அனுமதிகள் வாங்க என்னை. எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும், எப்படித் தட்டினால் எழும் என்று தெரிந்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு ‘ஆலோசகர்’ என்று பெயர்.

அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வானூர்ப் பக்கத்துக்காரர். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வருவார். காரின் பின்சீட்டில் கைப்பிடி இல்லாத சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எப்போதும் பயணம் செய்யும். யார் எந்தப் பிரச்சினையைக் கொண்டுவந்தாலும் அவர் வரைபடத்தை விரிக்க மாட்டார், லேப்டாப்பைத் திறக்க மாட்டார். “அங்க போய்ப் பேசுவோம்” என்பார். அங்கே என்றால், பிரச்சினை எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்தில். வந்திருப்பவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்வார். சைட்டில் அவருக்குப் பெயர் ‘சேர் மேடம்’.

முதல் சண்டை, கட்டடம் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதில். தலைமை அலுவலகத்திலிருந்து திட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு மேலாளர் வந்திருந்தார். இளைஞர், படித்தவர், தூரத்திலிருந்தே மணப்பவர். கட்டடத்தின் நீளமான பக்கம் கிழக்கே சாலையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. புதுச்சேரிக்கு உல்லாசமாகப் போகிற ஒவ்வொரு காரும் நிறுவனத்தின் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துக்கொண்டே போக வேண்டுமாம். அந்த அம்மாளோ குறுகிய பக்கத்தைச் சாலைக்குக் கொடுத்து, நீளத்தைக் கிழக்கு மேற்காகக் கிடத்தியிருந்தார். லாரிகள் வந்து சரக்கு ஏற்றி இறக்கும் மேடை வடக்கில்.

“மேடம், இது பிராண்டிங் விஷயம். உங்களுக்குப் புரியாது,” என்றார் மேலாளர்.

“அங்க போய்ப் பேசுவோம் சார்.”

அங்கே அப்போது சுண்ணாம்புக் கோடுகளையும் முள்ளையும் தவிர எதுவும் இல்லை. மாசி மாதம்தான். ஆனால் உப்பளக் கரையில் வெயில் மாதம் பார்த்து வருவதில்லை. அவர் எங்கிருந்தோ இரண்டு கன்டெய்னர் லாரிகளை வரவழைத்திருந்தார். ஒன்று மேலாளர் ஆசைப்பட்ட திசையில் நின்றது. மற்றது வரைபடத்தில் இருந்த திசையில். முதல் லாரியின் மேற்குப் பக்கத்தில், அதாவது மேலாளர் சொன்னபடி கட்டினால் ஏற்றி இறக்கும் மேடை வரவேண்டிய இடத்தில், நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. பிற்பகல் சூரியன் நேராக முகத்தில். முதுகில் லாரித் தகரத்தின் அனல். அந்த அம்மாளும் எங்களோடு உட்கார்ந்துகொண்டு, கூட்டத்தில் பேச வேண்டிய விஷயங்களை ஒவ்வொன்றாக, எந்த அவசரமும் இல்லாமல் பேச ஆரம்பித்தார்.

மேலாளர் கைக்குட்டையை வேர்வையில் நனைத்துவிட்டு இரண்டாவது லாரியைப் பார்த்தார். அதன் வடக்குப் பக்கத்து நிழலில் டிரைவர் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“அங்கே போய் உட்கார்ந்துக்கலாமே மேடம்.”

“அது என் டிசைன் சார். இப்ப நாம உங்க டிசைன்ல உட்கார்ந்திருக்கோம்.”

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. ‘இடம்: லாரிக்கு மேற்கே’ என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தால் விளக்கம் கேட்டிருப்பார்கள். கட்டடம் அவர் சொன்ன பக்கமே பார்த்தது. பெயர்ப்பலகையைக் குறுகிய சுவரில் மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டார்கள். படிக்க வேண்டுமென்றால் கார்காரர்கள் தலையைச் சாய்க்க வேண்டும்.

அவரிடம் எனக்குப் பிரியம் வந்தது இதனால் என்று சொன்னால் பொய். எரிச்சல்தான் வந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு, வெயில் ஆகாது. எல்லாவற்றையும் உடம்பில் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் படிப்பு எதற்கு என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

“நான் படிச்சதை வெச்சுத்தான் சார் வரையறேன். அவங்க படிக்காததை எப்படிச் சொல்றது? உட்கார வெச்சாத்தான் ஆச்சு.”

இந்த விஷயத்தில் அவருக்கு நாடகம் பிடிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் பேட்டிக்கு வந்தாள். பக்கத்து அளத்தில் உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடி வைத்திருந்த அம்பாரங்களைக் காட்டி, “இந்த உப்புக் குவியல்களைப் பார்த்துத்தானே மேடம் இந்தக் கூரை உங்களுக்குத் தோணுச்சு?” என்று கேட்டாள். தலைப்பை முன்பே எழுதி வைத்துவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது.

“இல்லம்மா. ரெண்டாவது வருஷ சிலபஸ்ல இருந்துச்சு.”

பேட்டி வெளிவரவில்லை.

பசுமைச் சான்றிதழுக்கு மதிப்பெண் சேர்த்துக் கொடுக்கவே தனியாக ஒரு ஆலோசகரை நிறுவனம் வைத்திருந்தது. அவருக்கு எல்லாமே மார்க். சைக்கிள் நிறுத்த இடம் விட்டால் மார்க், புல்தரை போட்டால் மார்க். அதனால் வாசலில் புல்தரை வந்தது. உப்புப் பூத்த மண்ணில் புல் வளருமா? டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்து ஊற்றினார்கள். ஒரு வாரம் பச்சையாக இருந்தது. பிறகு ஓரங்களில் வெள்ளை பூத்து, கருகத் தொடங்கியது. இன்னும் அதிகம் தண்ணீர் விட வேண்டும் என்றார் ஆலோசகர்.

“அங்க போய்ப் பேசுவோம். செருப்பைக் கழட்டிட்டு வாங்க.”

வெறுங்காலோடு அந்தப் புல்லில் நின்றோம். பொரித்த அப்பளத்தின் மேல் நிற்பது போல நொறுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே டேங்கர் வண்டியை மறித்துக்கொண்டு பக்கத்துத் தெருப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். பேச்சு தெளிவாகக் கேட்டது.

“புல்லுக்கு ஊத்தறான், எனக்கு ஊத்த மாட்டானாமா? நானும் வேணா அங்க போய்ப் படுத்துக்கறேன், எம்மேல ஊத்தச் சொல்லு!”

அந்த அம்மாள் ஆலோசகரைப் பார்த்தார். புல் போய்விட்டது. தண்ணீர் கேட்காமல் தானாகவே முளைக்கும் உமரிச் செடியை அந்த இடத்தில் விட்டார்கள். மார்க் உண்டா இல்லையா என்று ஆலோசகர் தன் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தபோது ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

“இதுக்கா சார் மார்க்கு? இதைப் புளி போட்டுக் கடைஞ்சா நல்லா இருக்கும். உப்பு கூடப் போட வேணாம்.”

ஏழுமலை உப்பளத்தில் வளர்ந்தவர். அப்போது நிறுவனத்தின் பழைய கிடங்கில் மூட்டை தூக்குபவர்களுக்கு மேஸ்திரி. புதிய கிடங்கு வந்தால் எல்லோரும் இங்கே மாறி வரவேண்டியவர்கள் என்பதால் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவார். பழைய கிடங்கு என்பது திண்டிவனம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. முந்தின சித்திரையில் அங்கே எண்ணெய்ப் பாக்கெட் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஏழுமலை மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தவர். அதை அவர் பெரிய அவமானமாகச் சொல்வார்.

“அளத்துல வெயிலு மேல மட்டும்தாங்க. கொட்டாயில மேல, கீழ, நாலாப் பக்கமும். உப்பு வாரி வளர்ந்தவன் பிஸ்கட் பொட்டி பக்கத்துல வுழுந்தேன்னா எவனாவது சிரிக்காம இருப்பானா?”

அந்த அம்மாள் இந்தக் கதையை ஒரே ஒருமுறை கேட்டார். பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வரைபடத்தில் தொப்பி வந்தது.

தொப்பி என்பது சைட் பேச்சு. கிடங்கின் முகட்டில், நீளம் முழுக்க, இரண்டு பக்கமும் திறந்த ஒரு சிறிய கூரை, பெரிய கூரையின் மேல் உயர்ந்து நிற்கும். உள்ளே சூடாகிற காற்று அதன் வழியாக மேலே போய்விடும். கீழே மேடைப் பக்கத்திலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது, ரிப்பேர் கிடையாது. அதனாலேயே தலைமை அலுவலகத்தில் யாருக்கும் அதன்மேல் மதிப்பும் கிடையாது. சோலார் தகடுகள் போட்டு மார்க் வந்துவிட்ட பிறகு, செலவைக் குறைக்கும் பட்டியலில் மேலாளர் முதலில் எழுதியது தொப்பியைத்தான்.

“தொப்பிக்குப் பதிலா நாலு பெரிய ஃபேன் மாட்டிக்கலாம் மேடம்.”

“அங்க போய்ப் பேசுவோம்.”

இந்த முறை பழைய தகரக் கொட்டகை, உச்சிப் பொழுது. கதவுகளுக்கும் அலமாரிகளுக்கும் நடுவே நாற்காலி வட்டம். மேலே பெரிய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்பை ஊதுகிற ஊதாங்குழலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அந்த அம்மாள் எல்லோருக்கும் சூடான டீ வரவழைத்தார். அது கொடுமை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மேலாளர் ஃபோனை எடுத்து ஏதோ கணக்கைக் காட்ட முயன்றார். சூடு அதிகமாகிவிட்டது, ஆறும்வரை வேலை செய்ய மாட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு ஃபோன் அணைந்துபோனது.

“பாருங்க சார், அது சொல்லிட்டுப் போயிடுச்சு. இங்க தூக்கறவங்க சொல்லிட்டுப் போக முடியாது,” என்றார் அந்த அம்மாள்.

தொப்பி தப்பியது. குறிப்பை அங்கேயே எழுதி அங்கேயே கையெழுத்து வாங்கினேன். குளிர்ந்த அறைக்குப் போனால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

ஆனால் யாருக்காகச் சண்டை போட்டாரோ அவர்கள் அவரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடவில்லை. தொப்பியின் இரும்புச் சட்டங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்த நாளில் ஏழுமலை நேராகக் கேட்டார்.

“இன்னா மேடம், இத்தினி செலவு பண்றாங்க. ஒரு ஏசியப் போட்டா முடிஞ்சிட்டுது. தொப்பி எதுக்கு?”

“ஏசி வரும் ஏழுமலை. சாக்லேட் வெக்கிற ரூமுக்கு வரும். உனக்கு வராது.”

“அப்ப நான் சாக்லேட்டு ரூம்லயே நின்னுக்கறேன்.”

“நில்லு. உருகாம இருந்தா விப்பாங்க.”

ஏழுமலை சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர் பேச்சில் எங்கே வேடிக்கை முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆட்கள் அவரிடம் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். தொப்பி வழியாகக் கொக்கு வரும், புறா வரும், பெட்டிமேல் எச்சம் போடும் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது உண்மையும்கூட. வலை கட்டிய பிறகும் இரண்டு புறாக்கள் நிரந்தர ஊழியர்களாகிவிட்டன.

கிடங்கு ஆவணியில் திறந்தது. புழுக்கமான நாள்களிலும் உள்ளே நிற்க முடிந்தது. ஐப்பசி கடைசியில், கடலில் ஏதோ புயல் சின்னம் உருவாகி, வடகிழக்கிலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடித்தபோது தொப்பியின் வடக்கு வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. தூறல் இல்லை, வீச்சு. சேமியா, தீப்பெட்டி, அப்பளம் என்று எது நனையக்கூடாதோ அதைத்தான் தேடிப்பிடித்து நனைத்தது.

மேலாளர் காலையிலேயே சென்னையிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். தகரம் வைத்துத் தொப்பியை இரண்டு பக்கமும் அடைத்துவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தார். நாங்கள் உள்ளே போனபோது அந்த அம்மாள் ஏற்கெனவே வந்திருந்தார். சிவப்பு நாற்காலியைச் சரியாக ஒழுகுகிற இடத்துக்குக் கீழே போட்டு, தலையில் தண்ணீர் விழ, அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஆட்கள் நனைந்த பெட்டிகளை இழுத்துக்கொண்டே அவரைச் சுற்றிப் போனார்கள்.

“மேடம், எழுந்து வாங்க. ஜுரம் வந்துடும்,” என்றார் ஏழுமலை.

“இருப்பா. காத்து திரும்பட்டும்.” கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். மேலாளரிடம் வந்து, “என் தப்பு சார். கோடைக் காத்தைப் பார்த்தேன், இந்தக் காத்தைப் பார்க்கலை. வடக்கு வாய்க்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, நீளத்துக்கு ஒரு மறைப்புத் தகடு வெக்கணும். மழை அதுல அடிச்சு வெளியவே விழுந்துடும், காத்து மேல போயிடும்,” என்றார்.

“மூடிடலாம் மேடம். விஷயம் முடிஞ்சது.”

“மூடினா சித்திரையில ஆள் விழுவான்.”

“அது உங்க அபிப்பிராயம்.”

“அங்க போய்…” என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். மேலாளர் குறுக்கே கை காட்டினார்.

“அங்கேதான் நிக்கிறோம் மேடம். நனையறது தெரியலையா?”

அவருடைய ஆயுதத்தாலேயே அவரை அடித்துவிட்டார் மேலாளர். அடைப்பதற்கான வரைபடத்தில் கையெழுத்துப் போட அந்த அம்மாள் மறுத்தார். அந்த வாரமே, பணி முடிந்துவிட்டதால் அவருடைய சேவை இனித் தேவையில்லை என்று மரியாதையான மொழியில் தெரிவித்தார்கள். கட்டடம் எழுப்பியவரை ஒழுகுகிற நாளில் அனுப்பிவைத்தார்கள்.

போகிற அன்று என்னிடம் வந்தார். நன்றி, வணக்கம் எதுவும் இல்லை.

“சார், இந்தத் தொப்பியை மூடணும்னா என்னென்ன அனுமதி வாங்கணும்?”

நான் விரல் விட்டுச் சொன்னேன். தீயணைப்புத் துறை அனுமதியில் தொப்பிதான் புகை வெளியேறும் வழி, அதனால் அவர்களிடம் புதிதாகக் கேட்க வேண்டும். திருத்திய வரைபடம் போட வேண்டும். காற்றுக்குக் கூரை தாங்குமா என்று சான்று வேண்டும். இதெல்லாம் இல்லாமல் மூடினால், பின்னால் ஒரு பெட்டி எரிந்தால்கூட இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“எனக்குத் தெரிஞ்ச வழியில போனா ரெண்டு வாரம். ஒழுங்கா விதிப்படி செஞ்சா அடுத்த கோடை.”

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“ஒழுங்கா செய்யுங்க சார்.”

சிவப்பு நாற்காலியைத் தொப்பிக்குக் கீழேயே விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒழுங்காகச் செய்தேன். என் வாழ்நாளில் எந்த விண்ணப்பத்தையும் அவ்வளவு நேர்மையாக நான் நடத்தியதில்லை. எந்த மேசையையும் தட்டவில்லை. எந்தப் பழைய சிநேகிதரையும் கூப்பிடவில்லை. அலுவலகம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் முழுமையாக, இணைப்புகளோடு, பதிவுத் தபாலில் பதில் அனுப்பினேன். முழுமையான பதிலைப் பார்த்ததும் அலுவலகத்துக்குப் புதிய கேள்விகள் பிறக்கும் என்பது இயற்கை. மேலாளர் வாரம் தவறாமல் ஃபோன் செய்வார். “பிராசஸ்ல இருக்குது சார்” என்பேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இடையில், மறைப்புத் தகடு வைப்பது பராமரிப்பு வேலை என்பதால் அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை என்று நான் மேலாளருக்கு விதியோடு எழுதினேன். அனுமதி வரும்வரை சரக்கு நனையாமல் இருக்கட்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அந்த அம்மாள் கிளம்பும் முன் வரைந்து கொடுத்திருந்த படத்தை வைத்து வெல்டர்கள் மேலே ஏறினார்கள். அடுத்த மழைக்குத் தரையில் ஒரு சொட்டு இல்லை. “தொப்பிக்கு மூக்குக் கண்ணாடி மாட்டியாச்சு,” என்றார் ஏழுமலை. இனி மூடுகிற பேச்சு எழாது என்று நினைத்தேன். ஆனால் தலைமை அலுவலகத்தில் எடுத்த முடிவு, காரணம் செத்த பிறகும் நடமாடும். மூடுவதற்கான அனுமதி சித்திரை நடுவில், ஆணையாக, முத்திரையோடு வந்து சேர்ந்தது. அரசாங்கம் கைவிடாது.

மேலாளர் தகரங்களோடு வந்து இறங்கினார். நான் வாசலில் நின்று அவரை வரவேற்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

“சார், அங்க போய்ப் பேசுவோம்.”

ஏழுமலையும் ஆட்களும் காலையிலேயே கயிறு கட்டி, பெரிய தார்ப்பாய்களைத் தொப்பியின் இரண்டு வாயிலும் இறக்கியிருந்தார்கள். தகரம் அடிக்கும் முன் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். மேலாளரைத் தொப்பிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய்ச் சிவப்பு நாற்காலியைக் காட்டினார் ஏழுமலை.

“குந்துங்க சார். நாங்க லோடு ஏத்தறோம். நீங்க பாருங்க.”

உச்சிப்பொழுது வந்தபோது பெட்டி ஏறும் வேகம் குறைந்தது. பிறகு ஒரு பெண் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வடக்கு மேடையின் நிழலுக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஆண்கள். யாரும் கோஷம் போடவில்லை, யாரும் சத்தமாகப் பேசவில்லை. கடைசியில் ஏழுமலை தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலாளர் முன்னால் வந்து நின்றார்.

“சார், மூடறதுன்னா மூடிக்கோங்க. உங்க கட்டடம். ஆனா மூடின கொட்டாயில நாங்க தூக்க மாட்டோம். போன வாட்டி ஒருத்தன் வுழுந்தேன். இந்த வாட்டி எவனும் வுழ மாட்டான், எல்லாம் வெளிய இருப்பான். லாரி நிக்குது பாருங்க. நீங்களே ஏத்துங்க.”

மேலாளர் மேலே பார்த்தார், லாரிகளைப் பார்த்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வாசனை போயிருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபத்துக்கும் கொஞ்சம் காற்று வேண்டும் போலிருக்கிறது.

“பாயைத் தூக்குங்கப்பா,” என்றார்.

கயிற்றை இழுத்தார்கள். தகரங்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.

சாயங்காலம் அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். எங்கோ வேறொரு சைட்டில் இருந்தார். பின்னால் கல் அறுக்கும் சத்தம். நடந்ததை, கொஞ்சம் அலங்காரத்தோடுதான், சொன்னேன். தொப்பி பிழைத்தது என்றேன். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன்.

“மூடினப்ப நீங்க எங்க இருந்தீங்க சார்?”

“மேடையில, நிழல்ல. எனக்குத்தான் சர்க்கரை இருக்குதே.”

“சரி, விடுங்க. திறந்த பிறகு உள்ள போய் உட்கார்ந்தீங்களா?”

“இல்லம்மா. அவர் கிளம்பினதும் நானும் வீட்டுக்கு வந்துட்டேன்.”

“அப்புறம் எப்படி சார் பிழைச்சுதுன்னு சொல்றீங்க?”

இணைப்பு போய்விட்டது. சிக்னல்தான் போயிருக்க வேண்டும்.

மறுநாள் உச்சிப்பொழுதில் குடை பிடித்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். கோப்பில் கட்டி வைக்க அந்த ஆணையையும் கையில் எடுத்துப் போயிருந்தேன். சிவப்பு நாற்காலியில், தொப்பிக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். அவரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வேர்த்தது, வேர்வை காய்ந்தது. வடக்கு மேடையிலிருந்து காற்று தரையோடு வந்து, கணுக்காலைத் தொட்டு, முழங்கால் ஏறி மேலே போனது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக லாரிக்குப் போய்க்கொண்டிருந்தன. நிரந்தர ஊழியர்கள் இருவரும் மேலே உட்கார்ந்து முணுமுணுத்தார்கள்.

மடியில் இருந்த ஆணை ஓரம் தூக்கியது, படபடத்தது, பிறகு முத்திரையோடு எழும்பி, அலமாரிகளுக்கு நடுவே தத்திக்கொண்டு ஓடியது.

“சார், பேப்பர் பறக்குது சார்!” என்று கத்தினார் ஏழுமலை.

“பறக்கட்டும்பா,” என்றேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.